பலகையில் எந்தத் தேதியை எழுதுவது?

ஞாயிறு பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்:

"ஐயா, ஸ்தோத்திரம். லெந்து காலத்துக்குப் பாடம் தயாரிக்கிறேன். போன வாரம் ஒரு பையன் எழுந்து, 'மாற்குவில் இயேசு சீஷர்களோடு பஸ்கா சாப்பிட்ட பிறகுதானே பிடிபடுகிறார், ஆனால் யோவானில் அவரைப் பிலாத்துவிடம் கொண்டுபோகிற காலையில்கூட யூதர்கள் இன்னும் பஸ்கா சாப்பிடவில்லை என்று இருக்கிறதே டீச்சர், எது சரி?' என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. இதற்கிடையில் எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில், 'இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 33 ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை, நாசாவே நிரூபித்துவிட்டது' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் பலகையில் எழுதி, புனித வெள்ளி பேனரிலும் போடலாமா? இன்னொரு பெண், 'கிறிஸ்து கி.மு. 4இல் பிறந்தார் என்றால் கிறிஸ்துவுக்கு முன்பே கிறிஸ்து பிறந்தாரா?' என்று கேட்டுச் சிரிக்கிறாள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்."

சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் பேனர் அடிக்கிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கி.பி. 33 ஏப்ரல் 3 என்பது யாரோ கட்டிவிட்ட கதை அல்ல, படித்தவர்கள் முன்வைத்த தேதிதான், வலுவான இரண்டு தேதிகளில் அது ஒன்று. ஆனால் 'நாசா நிரூபித்தது' என்பது சுத்தப் புரளி. நாசா வைத்திருக்கும் கிரகணப் பட்டியலில் பல ஆயிரம் வருஷத்துக் கிரகணங்கள், நடந்ததும் நடக்கப்போவதும், கணக்கிட்டு வரிசையாக இருக்கின்றன. அதில் அந்த நாளுக்கு ஒரு பகுதிச் சந்திரகிரகணம் என்று ஒரே ஒரு வரி உண்டு, அவ்வளவுதான். 1983இல் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஹம்ஃப்ரீஸ், வாடிங்டன் என்ற இரண்டு பேர் அந்தக் கிரகணத்தையும் சிலுவை மரணத்தையும் இணைத்து நேச்சர் இதழில் கட்டுரை எழுதினார்கள், அது நாற்பது வருஷமாகக் கைமாறிக் கைமாறி உங்கள் குழுவுக்கு வந்து சேர்வதற்குள் நாசா ஆகிவிட்டது.

உங்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இறையியல் கல்லூரியில் பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில் ஒரு சபைப் பத்திரிகையில் நானே 'கி.பி. 33 ஏப்ரல் 3' என்று அடித்துச் சொல்லி எழுதினேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஒரு போஸ்ட் கார்டு போட்டார், அதில் இரண்டே வரி: "தேதி சரி. இதைக் கண்டுபிடிக்க முதலில் எதை உண்மை என்று வைத்துக்கொண்டீர்கள்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் எனக்கு அப்புறம் பல வருஷம் ஆனது. உங்கள் மாணவன் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், அவனுக்கு அது தெரியாது.

சரி, அவன் கேள்விக்கு வருவோம். பிள்ளைகளுக்கு ஒன்றை முதலில் புரியவைத்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். யூதருக்கு நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. நள்ளிரவிலும் இல்லை, விடியலிலும் இல்லை. நம் ஊர் முஸ்லிம் வீடுகளில் வியாழன் ராத்திரியை 'வெள்ளி இரவு' என்று சொல்வார்கள், அதே முறைதான். ஆகவே நாம் பெரிய வியாழன் என்று அனுசரிக்கிற இராப்போஜனமும், கெத்செமனேயும், விசாரணையும், மறுநாள் மதியம் சிலுவையும், யூதக் கணக்கில் எல்லாமே ஒரே நாள். பலகையில் வியாழன் மாலை ஆறு மணிக்கு ஒரு கோடு, வெள்ளி மாலை ஆறு மணிக்கு ஒரு கோடு போடுங்கள், நடுவில் இருப்பது ஒரு நாள்.

அந்த ஒரு நாளுக்கு யூதரின் நிசான் மாதத்தில் (நம் மார்ச், ஏப்ரல் வாக்கில் வருவது) என்ன எண், அதுதான் தகராறு. நிசான் 14 பிற்பகலில் ஆலயத்தில் ஆட்டுக்குட்டிகளை அடிப்பார்கள், ஒன்பதாம் மணியிலிருந்து பதினோராம் மணி வரை, அதாவது நம் கணக்கில் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். சூரியன் மறைந்ததும் 15 பிறந்துவிடும், அந்த இரவில் விருந்து. மாற்கு 14:12ஐ எடுத்துக்கொண்டால் ஆட்டுக்குட்டி அடிக்கிற நாளில் சீஷர்கள் இடம் தேடுகிறார்கள், அன்று இரவு சாப்பிடுகிறார்கள், ஆகவே சிலுவை ஏறிய வெள்ளி நிசான் 15. யோவான் 18:28இல் தீட்டுப்பட்டால் பஸ்கா சாப்பிட முடியாதே என்று யூதத் தலைவர்கள் பிலாத்துவின் அரமனைக்குள் நுழையாமல் வெளியே நிற்கிறார்கள், 19:14 அதைப் பஸ்காவுக்கு ஆயத்தநாள் என்கிறது, ஆகவே அதே வெள்ளி நிசான் 14, ஆட்டுக்குட்டிகள் விழுகிற பிற்பகலில் இவரும் மரிக்கிறார். வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு சுவிசேஷங்களுக்கும் சண்டையே இல்லை. சண்டை 14ஆ 15ஆ என்பதில் மட்டும்.

உங்கள் மாணவன் சரியாகத்தான் படித்திருக்கிறான், அவனிடம் அதைச் சொல்லுங்கள். 'முரண்பாடே இல்லை, நீ சரியாக வாசிக்கவில்லை' என்று பூசி மெழுக வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைகள் அதைச் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதைச் சமாதானப்படுத்த எத்தனையோ முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பிரபலமானது 1957இல் ஆனி ஜொபேர் என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னது. சாக்கடல் ஓரம் கும்ரானில் கிடைத்த சுருள்களில் 364 நாள் காலண்டர் ஒன்று இருக்கிறது. 364 என்றால் மிச்சமில்லாமல் 52 வாரம், ஆகவே எந்தப் பண்டிகையும் எந்த வருஷமும் ஒரே கிழமையில் விழும். அதன்படி பஸ்கா விருந்து எப்போதும் செவ்வாய்க்கிழமை மாலை. இயேசு அந்தக் காலண்டர்படி செவ்வாய் இரவு பஸ்கா சாப்பிட்டார், ஆலய அதிகாரிகள் தங்கள் காலண்டர்படி வெள்ளி இரவு சாப்பிட்டார்கள், மாற்கும் சரி யோவானும் சரி என்பது அவர் வாதம். ஒரே சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு தேதியும் திருக்கணிதம் வேறொரு தேதியும் சொல்வதை வருஷக்கணக்காகப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துப்போகும். போப் பதினாறாம் பெனடிக்ட்கூட 2007 பெரிய வியாழன் பிரசங்கத்தில் இந்தக் கும்ரான் வழியைச் சாதகமாகச் சொன்னார், அப்புறம் 2011இல் எழுதும்போது அதை விட்டுவிட்டு யோவானின் கணக்குப் பக்கம் போய்விட்டார். எனக்கும் ஜொபேர் சொல்வது ஒட்டவில்லை. இயேசு ஊர் ஜனங்களோடு சேர்ந்து பண்டிகைக்கு ஆலயத்துக்குப் போகிறவராகத்தான் சுவிசேஷங்களில் வருகிறார், ஒரு தனிப் பிரிவின் காலண்டரை அவர் பின்பற்றினார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தவிர 364 நாள் வருஷம் என்றால் ஆண்டுக்கு ஒன்றேகால் நாள் பருவத்தை விட்டு விலகிக்கொண்டே போகும், அந்தக் குறிப்பிட்ட வருஷத்தில் அது எங்கே நின்றது என்று யார் சொல்வது?

என் கணிப்பைக் கேட்டால், நாள் விஷயத்தில் யோவான் பக்கம்தான் சாய்வேன். அதற்குக் காரணம் மாற்குவிலேயே கிடைக்கிறது. பண்டிகையில் வேண்டாம், ஜனங்களுக்குள் கலகம் வரும் என்று ஆசாரியர்கள் பேசிக்கொள்வது மாற்கு 14:2. சிரேனே ஊரான் சீமோன் வயலிலிருந்து வருகிறான், 15:21. அரிமத்தியா யோசேப்பு அன்று சாயங்காலம் போய் மெல்லிய துப்பட்டி விலைக்கு வாங்குகிறார், 15:46. நிசான் 15 என்பது ஓய்வுநாளைப் போல வேலை நிறுத்திய பண்டிகை நாள், அன்று கடை எங்கே திறந்திருக்கும்? பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது கிறிஸ்துவை 'நமது பஸ்கா' என்று ஆட்டுக்குட்டியோடு ஒப்பிடுவதும் இதற்கு ஒத்துப்போகிறது. இதை ஏற்காத நல்ல அறிஞர்களும் இருக்கிறார்கள். யோவான்தான் ஆட்டுக்குட்டி உவமைக்காக நாளை நகர்த்தினார் என்பது அவர்கள் கட்சி.

இனி நிலாவுக்கு வருவோம், இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

அந்தக் காலத்தில் எருசலேமில் அச்சடித்த காலண்டர் கிடையாது. மாதம் பிறப்பது மேற்கு வானத்தில் பிறை கண்ணில் பட்டால்தான். ரமலான் பிறை தெரிந்ததா இல்லையா என்று நம் ஊரில் இரவு வரை காத்திருந்து தலைமை காஜி அறிவிக்கிறார் இல்லையா, அதைப் போல இரண்டு சாட்சிகள் வந்து பார்த்தோம் என்று சொல்ல வேண்டும், நியாயசபை விசாரித்து ஏற்றுக்கொண்டால் மாதம் பிறந்தது. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் இந்த விசாரணையைப் பற்றி ருசியான செய்திகள் உண்டு. சாட்சிகள் அலுத்துக்கொள்ளாமல் வரவேண்டும் என்று அவர்களுக்கு பெரிய சாப்பாடு போடுவார்களாம். பிறை தெரிந்ததை வெளியூர்களுக்குச் சொல்ல மலைக்கு மலை தீ மூட்டுவார்கள், சமாரியர் வேண்டுமென்றே தப்பான நாளில் தீ மூட்டிக் குழப்பியதால் அதை விட்டுவிட்டு ஆளனுப்ப ஆரம்பித்தார்கள். ஆலயம் இடிந்த பிறகு நடந்த ஒரு சம்பவம் இன்னும் சுவாரசியம்: ரப்பான் கமாலியேல் சந்தேகத்துக்கிடமான சாட்சியை ஏற்று மாதத்தை அறிவித்துவிட்டார், ரபி யோசுவா அது தவறு என்றார். கமாலியேல் என்ன செய்தார் தெரியுமா? உன் கணக்குப்படி எந்த நாள் பாவநிவிர்த்தி நாளோ அந்த நாளில் கைத்தடியும் பணப்பையும் எடுத்துக்கொண்டு என்னிடம் வா என்று உத்தரவு போட்டார் (அந்தப் புனித நாளில் அதையெல்லாம் எடுத்துச் செல்லவே கூடாது), யோசுவாவும் போனார். வானத்தில் நிலா எங்கே இருந்தது என்பதை விட சபை என்ன தீர்ப்பு சொன்னது என்பதுதான் தேதி. இன்றைக்கு எந்தக் கம்ப்யூட்டரும் நிலா இருந்த இடத்தை நிமிஷம் பிசகாமல் சொல்லும், ஆனால் அன்று மேகம் இருந்ததா, சாட்சி வந்தானா, சபை ஒத்துக்கொண்டதா என்று சொல்லாது.

வருஷக் கணக்கிலும் இதே கதை. பன்னிரண்டு சந்திர மாதம் 354 நாள்தான், விட்டால் பஸ்கா மழைக்காலத்துக்கு நகர்ந்துவிடும், அதனால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் கூட்ட வேண்டும். எப்போது கூட்டுவது என்பதற்கு அன்று நிலையான அட்டவணை இல்லை. புறாக் குஞ்சுகள் இளசாக இருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் வளரவில்லை, கதிர் முற்றவில்லை, ஆகவே இந்த வருஷத்தில் முப்பது நாள் கூட்டினேன் என்று ஒரு கமாலியேல் ஆலய மலைப் படிக்கட்டில் உட்கார்ந்து பாபிலோன், மேதியா போன்ற தூர தேசத்து யூதருக்குக் கடிதம் எழுதச் சொன்னதாக, மிஷ்னாவை விளக்கும் தால்மூத்தில் இருக்கிறது. வாற்கோதுமை விளையவில்லை என்றால் பண்டிகை ஒரு மாதம் தள்ளிப்போகும்! ஐசக் நியூட்டன் இந்த விஷயத்தில் இறங்கி, அவர் இறந்த பிறகு 1733இல் வெளிவந்த எழுத்தில் கி.பி. 34 ஏப்ரல் 23 என்று முடிவு கட்டியிருப்பது, அந்த வருஷம் பஸ்கா அப்படி ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தால்தான் நிற்கும்.

இந்த எச்சரிக்கைகளோடு கணக்கைப் போட்டால் என்ன கிடைக்கிறது? பிலாத்து யூதேயாவில் தேசாதிபதியாக இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. அந்தப் பத்து வருஷத்தில் நிசான் 14 வெள்ளிக்கிழமையில் விழக்கூடிய ஆண்டுகள்: 30 ஏப்ரல் 7, 33 ஏப்ரல் 3, கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 27 ஏப்ரல் 11, 36 மார்ச் 30. யோவான்ஸ்நானன் ஊழியத்தைத் தொடங்கியது திபேரியுராயனின் பதினைந்தாம் வருஷம் என்று லூக்கா 3:1 சொல்வதால் 27 சீக்கிரம் ஆகிவிடுகிறது, பவுலின் காலக்கணக்கு இடிப்பதால் 36 தாமதம் ஆகிவிடுகிறது. மிச்சம் 30, 33.

இங்கேதான் என் கணக்கு வாத்தியாரின் போஸ்ட் கார்டு. 'நிசான் 14 வெள்ளிக்கிழமை' என்று தேடினோம் பாருங்கள், அந்த 14 எங்கிருந்து வந்தது? யோவானிலிருந்து. மாற்குவை நம்பினால் 15 வெள்ளியில் வருகிற ஆண்டைத் தேட வேண்டும், விடை மாறிவிடும். வானவியல் சுவிசேஷத்தை நிரூபிக்கிறது என்கிறார்கள், உண்மையில் சுவிசேஷத்தில் ஒரு பக்கத்தை முதலில் உள்ளே போட்டால்தான் வானவியலிலிருந்து தேதியே வெளியே வருகிறது. உள்ளே போட்டதையே வெளியே எடுத்துக் காட்டி 'பார், நிரூபணம்' என்றால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே சிரிப்பு வரும்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. கி.பி. 30இல் அமாவாசை மார்ச் 22 இரவு. 24ஆம் தேதி மாலை பிறை தெரிந்தது என்று வைத்தால் ஏப்ரல் 7 வெள்ளி நிசான் 14, யோவானுக்குப் பொருந்தும். கூர்மையான கண்ணுள்ள எவனோ ஒருவன் 23ஆம் தேதி மாலையே, ஒரு நாள் வயதுகூட ஆகாத அந்த நூலிழைப் பிறையைப் பார்த்துச் சாட்சி சொல்லிவிட்டான் என்று வைத்தால் அதே ஏப்ரல் 7 வெள்ளி நிசான் 15 ஆகிவிடும், மாற்குவுக்குப் பொருந்தும்! ஆனால் 33இல் அமாவாசை மார்ச் 19 பகலில், அன்று மாலையே பிறையைப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை, மறுநாள் பார்த்தால் ஏப்ரல் 3 நிசான் 14தான். ஆக 33 யோவானோடு மட்டும் நிற்கும், 30 இரண்டு பேரோடும் நிற்கக்கூடும்.

அப்படியானால் 30தானா? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் 33காரர்களிடமும் சரக்கு இருக்கிறது. அகுஸ்துராயன் இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. அங்கிருந்து ரோமர் முறையில் எண்ணினால் திபேரியுவின் பதினைந்தாம் வருஷம் 28 ஆகஸ்டிலிருந்து 29 ஆகஸ்ட் வரை, அதற்குப் பிறகு யோவான் சுவிசேஷம் சொல்லும் மூன்று பஸ்காக்களை அடுக்கினால் 30இல் இடம் போதாது, 33 வசதி. ஆனால் சீரியாவில் வருஷம் அக்டோபரில் பிறக்கும். அங்கே பழக்கப்பட்டவன் 14ஆம் ஆண்டின் ஆகஸ்ட், செப்டம்பர் துண்டையே 'முதல் வருஷம்' என்று எண்ணிவிடுவான், அப்போது பதினைந்தாம் வருஷம் 27 அக்டோபரிலேயே தொடங்கிவிடும், 28, 29, 30 என்று மூன்று பஸ்காவும் அழகாக உட்காரும். லூக்கா எந்த முறையில் எண்ணினார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. யோவான் 2:20இல் ஆலயத்தைக் கட்ட நாற்பத்தாறு வருஷம் ஆயிற்றே என்கிறார்கள், ஏரோது தன் பதினெட்டாம் வருஷத்தில், கி.மு. 20/19இல், வேலையைத் தொடங்கினான் என்று யோசேப்பஸ் சொல்வதால் அந்த முதல் பஸ்கா 27 அல்லது 28இல் வரும், இதுவும் 30க்குச் சாதகம்.

என்னை 30 பக்கம் அதிகம் தள்ளுவது நிலாவே அல்ல, ஒரு கல்வெட்டு. கிரேக்க நாட்டில் டெல்பியில் கிடைத்த கிலவுதியு ராயனின் கடிதம் கல்லியோனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, அதை வைத்து அவன் அகாயாவில் அதிபதியாக இருந்தது 51, 52 வாக்கில் என்று தெரிகிறது. அப்போஸ்தலர் 18இன்படி பவுல் அவன் முன்னால் நிறுத்தப்பட்டார். அங்கிருந்து பின்னோக்கி வந்தால் எருசலேம் ஆலோசனைக் கூட்டம் 48 அல்லது 49, அதற்கு முன் கலாத்தியரில் பவுலே சொல்லும் மூன்று வருஷமும் பதினான்கு வருஷமும். யூத முறையில் அரைகுறை வருஷத்தையும் முழு வருஷமாக எண்ணினால்கூட அவர் மனந்திரும்பியது 32இலிருந்து 34க்குள் வந்து நிற்கிறது. 33 ஏப்ரலில் சிலுவை என்றால் பெந்தெகொஸ்தே, ஸ்தேவான், துன்புறுத்தல், தமஸ்கு எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குள் அமுக்க வேண்டியிருக்கும். முடியாது என்று சொல்லவில்லை, மூச்சு முட்டும்.

கிரகண விஷயத்தையும் முடித்துவிடுகிறேன், பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மதியம் வந்த இருள் சூரியகிரகணம் அல்ல, ஆகவும் முடியாது, ஏனென்றால் பஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவது, சூரியகிரகணம் அமாவாசையில் மட்டுமே வரும். இதை மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே யூலியஸ் ஆப்பிரிக்கானஸ் என்ற கிறிஸ்தவர் சுட்டிக்காட்டிவிட்டார், நாம்தான் இன்னும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். 33 ஏப்ரல் 3 சந்திரகிரகணம் உண்மை, ஆனால் எருசலேமில் நிலா உதிக்கும்போதே அது முடிகிற தறுவாயில் இருந்தது, மாலை வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிந்திருக்குமா, சிவப்பாகத் தெரிந்திருக்குமா என்பதில் வானவியலாளர்களுக்குள்ளேயே சண்டை. 'சந்திரன் இரத்தமாகும்' என்று பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் சொன்னது யோவேல் தீர்க்கதரிசியின் வார்த்தை, அதைக் கிரகண அறிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சிரிக்கிற பெண்ணுக்குப் பதில் சுலபம். இயேசு காலத்தில் யாரும் கி.பி. என்று எண்ணவில்லை. அந்த எண்ணிக்கையைத் தொடங்கியவர் டயோனீசியஸ் எக்ஸிகூஸ் என்ற துறவி, கி.பி. 525இல், ரோமில். ஈஸ்டர் அட்டவணை போட உட்கார்ந்தவர், கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்த ரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியன் பெயரால் வருஷத்தை எண்ணப் பிடிக்காமல் கிறிஸ்துவின் பெயரால் எண்ண ஆரம்பித்தார். நல்ல எண்ணம், ஆனால் தொடக்கப் புள்ளி சில வருஷம் பிசகிவிட்டது. மத்தேயுவின்படி இயேசு பிறந்தது ஏரோது உயிரோடு இருந்தபோது, ஏரோது இறந்தது கி.மு. 4இல். அவன் சாவுக்கு முன் ஒரு சந்திரகிரகணம், சாவுக்குப் பின் பஸ்கா என்று யோசேப்பஸ் எழுதுகிறார், கி.மு. 4 மார்ச் 13இல் ஒரு பகுதிக் கிரகணம் இருந்தது. கி.மு. 1 ஜனவரிக் கிரகணம்தான் அது என்று வாதாடுகிறவர்களும் உண்டு, ஆனால் ஏரோதின் பிள்ளைகள் தங்கள் ஆட்சி வருஷத்தை கி.மு. 4இலிருந்தே எண்ணியிருப்பதால் எனக்கு அது ஒட்டவில்லை. ஆகவே பிறப்பு கி.மு. 4 அல்லது அதற்குச் சற்று முன். இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா 2:2 சொல்லும், சீரியா தேசாதிபதி சிரேனியுவின் குடிமதிப்பை யோசேப்பஸ் கி.பி. 6இல் வைக்கிறார். இந்தப் பத்து வருஷ இடைவெளியை அடைக்க எல்லோரும் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், எந்த ஒட்டும் எனக்குத் திருப்தியாக இல்லை. பெரிய பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காவிட்டால் இந்தப் பாடத்தில் இழுக்க வேண்டாம், லெந்துக்கு இது அதிகம்.

ஆக, பேனரில் தேதி வேண்டாம், 'புனித வெள்ளி' என்று மட்டும் போடுங்கள். பலகையில் இரண்டு தேதியையும் எழுதுங்கள்: கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3. ஒவ்வொன்றுக்கும் கீழே எது சாதகம், எது இடிக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லவைத்து எழுதுங்கள். கேள்வி கேட்ட பையனை முதலில் அழையுங்கள், மாற்கு 14:12ஐயும் யோவான் 18:28ஐயும் அவனே வாசிக்கட்டும்.

நேரம் இருந்தால் ஒரு வீட்டுப்பாடமும் கொடுங்கள், நான் என் மாணவர்களுக்குக் கொடுத்தது. அடுத்த அமாவாசை முடிந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டு மொட்டைமாடியில் ஏறி, சூரியன் மறைந்து அரை மணி நேரம் மேற்கே பார்க்க வேண்டும். முதன்முதலில் பிறை தெரிந்த மாலை எது என்று தேதி போட்டு எழுதிவர வேண்டும். காலண்டரைப் பார்த்துக் காப்பி அடிக்கக்கூடாது. என் வகுப்பில் முதல் தடவை பதினெட்டுப் பேரில் நாலு பேர் ஒரு தேதி, ஒன்பது பேர் மறுநாள், மிச்சம் பேர் தென்னை மரம் மறைத்தது, மழை, மறந்துவிட்டேன் என்று வந்து நின்றார்கள். அப்புறம் மூன்று பேரை நியாயசபையாக உட்காரவைத்து, சாட்சிகளை ஒவ்வொருவராக விசாரித்து, மாதம் என்றைக்குப் பிறந்தது என்று தீர்ப்புச் சொல்லச் சொன்னேன். பிறை எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்று கேட்டதும் அந்த நாலு பேரில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.